வலம் வரும் கால்களும் வார்க்கும் நீரும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் பொழுது விடியுமுன்பே ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து கடக்கும் படப்பை என்னும் ஊரின் பெயர், பழந்தமிழில் தோட்டத்தையும் மனைக்குப் பின்புறமுள்ள கொல்லையையும் குறித்த சொல் என்பதை, அந்தச் சாலையில் நாள்தோறும் போய்வருகிறவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்களோ! சங்க நூல்களில் பயின்று வரும் அச்சொல், காயும் கனியும் பூவும் தரும் செடிகொடிகளை மனிதர் தம் கையால் நட்டு, நீர் வார்த்து, வேலியிட்டுக் காத்த இடத்தை நினைவூட்டுவது. கார்களும் லாரிகளும் மின்னணுச் சாதனங்களும் உருவாகும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தின் நடுவே அந்தப் பெயர், விற்றுப்போன நிலத்தின் தாய்ப் பத்திரத்தைப் போல இன்னும் நம் கையில் இருக்கிறது.

திங்கட்கிழமையும் அமாவாசையும் கூடும் நாளை அமாசோமவாரம் என்பார்கள். அன்று அரசமரத்தை நூற்றெட்டு முறை வலம் வருவது நெடுநாளைய வழக்கம். அத்தகைய ஒரு நாளின் காலையில், இந்தச் சாலையோரத்து அரசமரம் ஒன்றின் அடியில் நான் கண்ட சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், சுற்றுக்கு ஒரு கற்கண்டுத் துண்டாக வைத்து எண்ணிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தவாறே மெல்ல வலம் வந்துகொண்டிருந்தார். தொழிற்சாலைச் சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நின்ற ஓர் இளம்பெண், பஸ் வருவதற்குள் முடிந்தவரை என்று ஒன்பது சுற்றுச் சுற்றிவிட்டு, கையிலிருந்த பாட்டிலில் மிஞ்சியிருந்த தண்ணீரை மரத்தின் அடியில் பயபக்தியோடு ஊற்றினாள். மரத்தைச் சுற்றிப் புதிதாகச் சிமெண்ட் மேடை எழுப்பி, அடிமரத்தை ஒட்டி விரற்கடை இடமும் விடாமல் வழவழப்பாகப் பூசியிருந்தார்கள்; ஊற்றிய நீர் அம்மேடைமேல் பரவி, விளிம்பில் சொட்டி, தார்ச்சாலையை நோக்கி ஓடியது. அம்மையார் நின்று அதைப் பார்த்தார். "எங்கம்மா வேருக்குப் போவுது? எல்லாம் ரோட்டுக்குத்தான் ஓடுது" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மரத்தைத் தொழுவதையும் மரத்தைப் பேணுவதையும் நம் முன்னோர் ஒரே காரியமாகவே கருதினார்கள் என்பதும், அவ்விரண்டுக்கும் நடுவே இந்தச் சிமெண்டைப் பூசியவர்கள் நாமே என்பதும் என் அபிப்பிராயம். அதை நிலைநாட்டுவதற்கான சான்றுகளைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. படப்பையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தே தொடங்கலாம்.

மரத்தின் பெயரால் வழங்கும் ஊர்கள்

தொண்டை மண்டலத்தின் வரைபடத்தை விரித்தால் அது ஒரு தோப்பைப் போலத் தோன்றும். படப்பைக்கு வடகிழக்கே காமாட்சியம்மன் தவமிருந்த தலமாகிய மாங்காடு, மாமரக் காடு. அதற்கும் அப்பால் திருவேற்காடு, வெள்வேல மரங்களின் காடு. இன்னும் வடக்கே முல்லைக்கொடியால் பெயர் பெற்ற திருமுல்லைவாயில். திருத்தணிக்குப் போகும் பக்கத்தில் ஆலமரத்தின் பெயர் தாங்கிய திருவாலங்காடு. மேற்கே காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் என்று நாம் சொல்லும் திருநாமமே ஏகம், ஆம்ரம் என்னும் இரு வடசொற்கள் சேர்ந்து ஒற்றை மாமரத்தின்கீழ் எழுந்தருளியவர் என்று பொருள்படுவது. அம்மாமரத்தின் நிழலில் உமாதேவியார் மணலால் லிங்கம் அமைத்துப் பூசித்தார் என்பது தலபுராணம். ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'தமிழகம்: ஊரும் பேரும்' என்னும் நூலில் இவ்வாறு மரஞ்செடிகளால் பெயர் பெற்ற ஊர்களை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

இவற்றுள் திருமுல்லைவாயிலின் வரலாறு நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கியது. போருக்குச் சென்ற தொண்டைமானின் யானையினுடைய கால்களை முல்லைக்கொடிகள் பிணித்துக்கொள்ள, அவன் வாளை உருவிக் கொடியை வெட்ட, வெட்டுப்பட்ட இடத்திலிருந்து இரத்தம் பெருகியதாம். விலக்கிப் பார்த்தபோது அங்கே சிவலிங்கம் இருந்ததாம். கொடியை வெட்டிய வாள் தெய்வத்தின் திருமேனியில் பட்டது என்று சொல்வதைக் காட்டிலும், செடிகொடிகளிடம் எச்சரிக்கையாக நடந்துகொள் என்று பாமரனுக்கும் மன்னனுக்கும் ஒருசேர உணர்த்தும் வழி வேறு உண்டோ?

படப்பையின் அண்டை ஊராகிய குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில், மரம் தெய்வத்தின் இருப்பிடமாகிச் சாட்சியாகவும் நிற்கும் ஒரு வரலாற்றைச் சொல்கிறார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. திருவாரூரை மறக்க இயலாத அவர், நான் சத்தியம் செய்யும் வேளையில் தேவரீர் சன்னிதியை விட்டு மகிழமரத்தடியில் இருக்கவேண்டும் என்று இறைவனிடம் முன்னதாகவே ஏற்பாடு செய்துகொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவிலும் தோன்றி, மகிழின்கீழ் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். மரத்தடியில் சொன்ன சொல்லை மீறிப் புறப்பட்ட சுந்தரர் கண்ணொளி இழந்தார். இன்றும் திருவொற்றியூரில் மகிழடி சேவை என்னும் உற்சவம் நடைபெறுகிறது. கருவறையில் பொய் சொன்னாலும் சொல்லலாம், மரத்தடியில் சொல்லக்கூடாது என்று அக்கதை முடிவதாக எனக்குப் படுகிறது.

பயனுக்காக மட்டுமா?

மரங்கள் மருந்தும் நிழலும் கனியும் தருவதால்தான் அவற்றைத் தெய்வமாக்கினார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவது இக்காலத்து வழக்கம். அது பாதி உண்மை. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம், பிச்சாவரத்து உப்பங்கழியில் இன்றும் செழித்து நிற்பது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையும். இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொரு மரத்தைக் குறித்து, அவரவர் நட்சத்திரத்துக்குரிய மரத்தை அவரவர் நட்டுக் காக்கவேண்டும் என்று சொல்லும் வரிசையில், ரோகிணிக்கு நாவலும் பரணிக்கு நெல்லியும் பூசத்துக்கு அரசும் மகத்துக்கு ஆலும் இருப்பதைப் போலவே, அசுவினிக்கு எட்டி இருக்கிறது. எட்டி பழுத்தென்ன என்று பழமொழி இகழும் அந்த விஷமரத்துக்கும் ஒரு பிறந்தநாள் பிள்ளையைக் காவலாளியாக நியமித்தவர்கள், பயனை மட்டும் எண்ணிப் பட்டியல் போட்டவர்களாக இருக்கமுடியாது.

அரசமரம் இரவிலும் பிராணவாயுவை வெளியிடுகிறது, அதனால்தான் முன்னோர் அதைச் சுற்றச் சொன்னார்கள் என்னும் விளக்கமும் ஊரெங்கும் பரவியிருக்கிறது. இலைகள் பிராணவாயுவை வெளியிடுவதற்குச் சூரிய ஒளி வேண்டும்; இரவில் அரசும் மற்ற மரங்களைப் போலவே சுவாசித்துக் கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. இல்லாத விஞ்ஞானத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தவேண்டிய நிலையில் நம் சம்பிரதாயம் இல்லை. உண்மையில் நடப்பதே அதைவிட ஆச்சரியமானது. அத்தி பூத்தாற்போல என்று அரிதானதைச் சொல்கிறோமே, அத்தியும் ஆலும் அரசும் பூக்காமல் இல்லை. அவற்றின் பூக்கள் காய் போன்ற கூட்டுக்குள்ளே மறைந்திருக்கின்றன. ஒவ்வொரு வகை மரத்துக்கும் அதற்கென்றே அமைந்த எறும்பினும் சிறிய குளவி ஒன்று அக்கூட்டினுள் நுழைந்து மகரந்தத்தைச் சேர்க்கிறது. பிறகு பழுக்கும் கனிகளை மைனாவும் குயிலும் குக்குறுவானும் வௌவாலும் தின்று, விதையைச் சுவரிலும் கோபுரத்திலும் எச்சமிட்டு முளைக்கச் செய்கின்றன. வேரில் பிரமனும் நடுவில் திருமாலும் உச்சியில் சிவனும் வசிக்கும் மரம் என்று நூல்கள் சொல்வது ஒருபுறம் இருக்க, பிரத்தியட்சமாகவே அது பல உயிர்களுக்குச் சத்திரமாய் விளங்குகிறது.

அரசை வலம் வருவதில் ஒரு விதி உண்டு. சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அதைத் தொடலாகாது என்பார்கள். வாரத்தில் ஆறு நாள் கைபடாமல் இருக்கும் மரத்தின் பட்டை உரியாது, கிளை ஒடியாது. துளசிக்கும் இத்தகைய விதிகள் பல: துவாதசியன்று பறிக்கலாகாது, அந்தி சாய்ந்தபின் பறிக்கலாகாது, நகத்தால் கிள்ளலாகாது. வில்வத்தைச் சோமவாரத்திலும் அமாவாசையிலும் பறிக்கக்கூடாது. ஆனால் பூசைக்கு இட்ட வில்வத்தைக் கழுவி மறுபடியும் இடலாம், அதற்கு நிர்மாலிய தோஷம் இல்லை. இந்த விதிகளின் தெய்வீகக் காரணங்களை ஆராய்வோர் ஆராயட்டும். சிவனடியார் அத்தனை பேரும் தினந்தோறும் புதிய இலையே வேண்டுமென்று கிளம்பினால் கோயில் வில்வமரம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதை மட்டும் வாசகர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மரத்துக்குக் கல்யாணம்

அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று ஒரு பழமொழி உண்டு. உடனடிப் பலனை எதிர்பார்ப்பவர்களைக் கேலி செய்யும் அந்தச் சொல்லே, இவ்வழிபாட்டின் இயல்பைக் காட்டிவிடுகிறது: இது காத்திருப்போருக்கு உரிய வழிபாடு.

நம் கிராமங்களில் அரசையும் வேம்பையும் அருகருகே நட்டு, அவை வளர்ந்து ஒன்றோடொன்று பின்னியபின், நல்ல நாள் பார்த்து, பந்தலிட்டு, மேளம் வைத்து, தாலி கட்டி விவாகம் செய்துவைப்பார்கள். பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அந்தக் கல்யாணம் எப்போது நடக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். கன்று நட்ட அன்று மேளம் இல்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தப்பி, இரண்டு மூன்று கோடைகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, வேலியைத் தாண்டித் தலைநிமிர்ந்த பிறகே மணமேடை. அரசுக்கு உபநயனமும் செய்யும் குடும்பங்கள் உண்டு, அதுவும் அப்படியே. 1950ஆம் ஆண்டு ஜூலையில், மத்திய அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கிவைத்தது முதல், ஆண்டுதோறும் கன்று நடும் விழாக்களுக்குக் குறைவில்லை. படம் எடுத்துக்கொண்டு மாலையோடு திரும்பிவிடுகிறோம். நம் பாட்டனார்களோ மரம் பிழைத்த பிறகே விழாக் கொண்டாடினார்கள். எந்த விழா மரத்துக்கு நல்லது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பேணுதலே பூசை என்னும் இக்கொள்கையை நேருக்கு நேர் காட்டிய ஒரு வரலாற்றுக்கு, படப்பைக்கு வடமேற்கே ஸ்ரீபெரும்புதூரில் 1017ஆம் ஆண்டில் அவதரித்த இராமாநுஜரே காரணர். திருவரங்கத்தில் சீடர்கள் சூழக் காலட்சேபம் செய்துகொண்டிருந்த அவர், திருவேங்கடமுடையானுக்கு நந்தவனம் அமைத்து நாள்தோறும் பூத்தொடுத்துச் சாத்தும் கைங்கரியத்துக்கு, அந்த மலையின் குளிரையும் பொருட்படுத்தாமல் போகக்கூடியவர் யார் என்று கேட்டாராம். எல்லோரும் மௌனமாயிருக்க, அனந்தாழ்வான் ஒருவர் எழுந்து நின்றார். நீர் ஒருவரே ஆண்பிள்ளை என்று ஆசாரியர் தழுவிக்கொண்டார்.

திருமலைக்குச் சென்ற அனந்தாழ்வான் செய்த முதற்காரியம், செடிகளுக்கு நீர் வேண்டுமென்று குளம் வெட்டத் தொடங்கியதுதான். அவர் மண்ணை வெட்ட, கருவுற்றிருந்த அவர் மனைவி கூடையில் சுமந்தார். இரக்கப்பட்ட பாலகன் ஒருவன் வந்து அந்த அம்மையாரின் கூடையை வாங்கிச் சுமந்தான். கைங்கரியத்தில் பிறர் பங்கு கேட்பதைப் பொறாத அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, அது பாலகனின் மோவாயில் பட்டது. பிறகு சன்னிதியில் பார்த்தால் பெருமாளின் மோவாயில் இரத்தம் கசிந்துகொண்டிருந்ததாம். அந்தக் காயத்துக்கு இட்டதாகச் சொல்லப்படும் பச்சைக்கற்பூரத்தை இன்றும் அவ்விடத்தில் சாத்துகிறார்கள். அந்தக் கடப்பாரையைத் திருமலைக் கோயிலின் மகாதுவாரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கோடிக்கணக்கான பக்தர்கள் பொன்னும் மணியும் கொண்டுபோய்க் கொட்டும் அந்தச் சன்னிதியின் வாயிலில் ஒரு தோட்டக்காரரின் கருவியை மாட்டி வைத்திருப்பதன் பொருள், தரிசன வரிசையில் நெரிசலோடு நகர்கிறவர்கள் தலைநிமிர்ந்து பார்த்தால் புலப்படும்.

இரக்கத்தோடு கண்டிப்பும் இக்கைங்கரியத்தில் சேர்ந்தே இருந்தது. கையில் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகச் சென்ற அப்பர் சுவாமிகள், பிராகாரத்தில் மண்டிய புல்லையும் பூண்டையும் செதுக்கி எறிந்தவர். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்று, கீழே மேடையில் நின்றால் தெய்வம். கோபுரத்தில் விட்டுவைத்தால் கல்லைப் பிளந்துவிடும். அதைப் பக்குவமாகப் பெயர்த்து ஏரிக்கரையில் நடுகிறவரே இரண்டு தொண்டையும் ஒருங்கே செய்தவராவார்.

சாஸ்திரம் சொல்லும் தோட்டவேலை

பக்திக் கதைகளோடு நின்றுவிடாமல், மரம் வளர்க்கும் முறையை நம் பெரியோர் தனிச் சாஸ்திரமாகவும் எழுதிவைத்தார்கள். விருக்ஷாயுர்வேதம் என்பது அதன் பெயர், மரங்களின் ஆயுள்வேதம். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருஹத்சம்ஹிதையில் இதற்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் அவர் கூறும் வழிமுறைகள் இன்றைய விவசாய அலுவலர் சொல்வனவற்றிலிருந்து வெகுதூரம் விலகியவை அல்ல. தோட்டமிடும் நிலத்தில் முதலில் எள்ளை விதைத்து, அது பூத்திருக்கும்போது மடக்கி மிதித்துவிட வேண்டுமென்கிறார். பசுந்தாளுரம் என்று நாம் இப்போது சொல்வது அதையே. மரத்துக்கு மரம் இருபது முழம் இடைவெளி உத்தமம், பதினாறு மத்திமம், பன்னிரண்டுக்குக் குறையக்கூடாது என்கிறார். நட்ட கன்றுக்குக் கோடையில் காலையும் மாலையும், குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாளும், மழைக்காலத்தில் மண் காய்ந்தபோதும் நீர் விடவேண்டும். இலை வெளுத்தல், துளிர் வளராமை, கிளை காய்தல், சாறு வடிதல் ஆகியவை நோயின் குறிகள். கெட்ட பாகத்தைக் கத்தியால் செதுக்கி நீக்கி, வாய்விடங்கமும் நெய்யும் சேறும் குழைத்துப் பூசி, பாலும் நீரும் கலந்து விடுவது சிகிச்சை. வேம்பு, அசோகு, புன்னை, வாகை முதலியவற்றைத் தோட்டத்திலும் வீட்டிலும் முதலில் நடுவது மங்கலம் என்பதும் அவர் வாக்கு.

சுரபாலர் என்பவர் இயற்றிய விருக்ஷாயுர்வேதத்தின் கையெழுத்துப் பிரதி ஒன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் இருந்தது. செகந்தராபாத்தைச் சேர்ந்த ஆசிய விவசாய வரலாற்று நிறுவனம், அதை நளினி சாதலே அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1996இல் வெளியிட்டது. அதில் வரும் குணபஜலம் என்னும் திரவ உரத்தைப் பற்றிப் படித்தால் மரக்கறி உண்போர் முகம் சுளிக்கக்கூடும். பன்றியின் மாமிசத்தையும் கொழுப்பையும் நீரில் இட்டு ஊறவைத்து மரத்துக்கு விடச் சொல்கிறது. மரத்தைக் கும்பிட்டவர்கள் அதன் பசியையும் கூச்சமில்லாமல் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். நம் காலத்தில் கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் அவர்கள், பூசைக்குரிய பஞ்சகவ்யத்தோடு இளநீரும் வாழைப்பழமும் வெல்லமும் சேர்த்துப் பயிருக்குத் தெளிக்கும் கரைசலாக்கிப் பரப்பியதும், நூற்றுக்கு மூன்று பங்கு நீரில் கலந்து அதை உழவர்கள் தெளித்துவருவதும் அந்த மரபின் தொடர்ச்சியே.

வெட்டுவதற்கும் விதி இருந்தது. விக்கிரகம் செய்ய மரம் தேடிக் காட்டுக்குள் போகிறவன், முதல்நாள் இரவே அம்மரத்தைப் பூசித்து, இதில் குடியிருக்கும் உயிர்களே, இப்பலியை ஏற்று வேறிடம் போய் வாசம் செய்யுங்கள் என்று விண்ணப்பித்துக்கொள்ள வேண்டும் என்கிறார் வராகமிகிரர். விண்ணப்பத்துக்குச் செவிசாய்க்காதவர்களுக்காகக் கௌடில்யர் அபராதம் வைத்தார். நகரத் தோட்டங்களில் பூ, கனி, நிழல் தரும் மரங்களின் துளிரைக் கிள்ளினால் 6 பணம், சிறு கிளையை வெட்டினால் 12, பெருங்கிளைக்கு 24 என்பது அர்த்தசாஸ்திரத்தின் கணக்கு. எல்லைக்கு நிற்கும் மரத்துக்கும் மக்கள் வணங்கும் மரத்துக்கும் இரட்டிப்பு.

இன்று செய்யவேண்டியது

சாஸ்திரமும் சட்டமும் எட்டாத இடங்களில் தெய்வபயம் காவல் நின்றது. அரிவாளோடு நுழையாதே, செருப்போடு நுழையாதே, விழுந்த சுள்ளியையும் எடுக்காதே என்று ஐயனாரின் பெயராலும் கன்னிமாரின் பெயராலும் காக்கப்பட்ட கோயில்காடுகள் இன்றும் தமிழ்நாட்டில் பல இருக்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியிலுள்ள வீரகோயில் காட்டை 2025ஆம் ஆண்டில் அரசாங்கம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2022இல் மதுரைக்கு அருகே அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டதற்கு அடுத்தபடியாக மாநிலத்தில் இத்தகுதி பெற்ற இரண்டாவது இடம் அது. பரப்பு வெறும் 4.97 ஹெக்டேர், பன்னிரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். ஊரார் பயந்து விட்டுவைத்த பன்னிரண்டு ஏக்கரை இன்று நாம் பொக்கிஷம் என்று சட்டம் போட்டுக் காக்கிறோம்.

படப்பைப் பக்கத்தில் பயம் போய்விட்டது, பக்தி போகவில்லை. அமாசோமவாரக் கூட்டமே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தப் பக்தி மரத்துக்குச் செய்யும் தீங்குகளைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. வேர் மூச்சுவிட வழியில்லாமல் அடிமரம்வரை சிமெண்ட் பூசுகிறோம். பட்டையை ஒட்டி அகல்விளக்கேற்றிக் கருக்குகிறோம். சூலத்தையும் அறிவிப்புப் பலகையையும் ஆணியடித்து மாட்டுகிறோம். பருத்திநூல் சுற்றிய இடத்தில் மக்காத நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறோம். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையையும் சுற்றுவட்டாரங்களையும் தாக்கியபோது, ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. பரந்து இறங்க மண் கிடைக்காத வேர், காற்றுக்கு எதிரே எத்தனை நேரம் பிடித்துக்கொண்டு நிற்கமுடியும்?

தொழிற்சாலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. பெருந்தொழில்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும்போது, மனையில் 33 சதவீதம் பசுமை வளையமாக இருக்கவேண்டுமென்று நிபந்தனை விதிப்பது வழக்கம். அந்த நிலத்தில் எங்கிருந்தோ கொண்டுவந்த அலங்காரச் செடிகளுக்குப் பதிலாக இந்த மண்ணுக்குரிய வெள்வேலையும் மாவையும் மகிழையும் புன்னையையும் இலுப்பையையும் நட்டு, வராகமிகிரர் சொன்ன இருபது முழத்தையும் விட்டு வளர்த்தால், பெயரிழந்து நிற்கும் ஊர்களுக்கு அவற்றின் பெயரைத் திருப்பிக் கொடுத்ததாகும். ஆயுதபூசையன்று இயந்திரங்களுக்குச் சந்தனம் இட்டு வாழைக்கன்று கட்டும் தொழிலாளர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய சிரமமும் இராது.

வலம் வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அரசமரத்தடிக்கு அடுத்த முறை போகும்போது, மேடை கட்டிய உபயதாரரையும் கோயில் நிர்வாகிகளையும் கண்டு, மரத்தைச் சுற்றி இரண்டு முழ அகலத்துக்காவது சிமெண்டை உடைத்து மண்ணைத் திறந்துவிடச் சொல்லுங்கள்; கொத்தனாருக்கு அது அரைநாள் வேலை. வேர் வெட்டுப்படாமல் உளியால் மெல்லப் பெயர்க்கச் சொல்லுங்கள். ஆணிகளைப் பிடுங்கி, விளக்குமாடத்தை நாலு முழம் தள்ளி வையுங்கள். நூற்றெட்டுச் சுற்றுக்கு நேரமில்லாதவர்கள் ஒன்பது சுற்றினாலும் போதும், ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோங்கள். அது வேருக்குப் போகிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.